தயிர்க் கிருமிகளும் நமது குடலும்

(ஒரு விவசாய டிமான்ஸ்டிரேட்டர் எழுதியது)

பசுவோ எருமையோ உள்ள குடியானவர் வீடுகளில் தயிரும் மோரும் அன்றாட ஆகாரத்தில் சேர்ந்தவை. வயிறு சரியில்லாத நாளில் மோர்ச்சோறு உண்பதும், வெயிலில் உழைத்து வருவோருக்கு உப்பிட்ட நீர்மோர் கொடுப்பதும் யாரும் எழுதிப் பரப்பாமலே வழக்கத்தில் நின்றுவருகின்றன. சில ஆண்டுகளாக இவ்விஷயத்திற் புதுப்பெயர் ஒன்று வழங்குகிறது. ‘புரோபயாடிக்’ என்ற முத்திரையுடன் சிறு புட்டிகளிலும் கிண்ணங்களிலும் அடைத்த புளித்த பால் நமது சிற்றூர்க் கடைகளுக்கும் வந்துவிட்டது. அதிலுள்ள நற்கிருமிகள் குடலிற் குடியேறித் தீய கிருமிகளை வெளியேற்றும் என்று சொல்லி விற்கின்றனர்.

சென்ற ஆண்டு எனது வட்டத்திலுள்ள ஒரு கிராமத்தில் பால் உற்பத்தியாளர் கூட்டம் ஒன்று நடைபெற்றது. தீவனப்புல் பயிரிடும் முறையைப் பற்றி நான் பேசி முடித்ததும், இரண்டு கறவைப் பசுக்கள் வைத்திருக்கும் ஓர் அம்மாள் எழுந்து நின்றார். “ஐயா, இரண்டு மாட்டுப் பாலையும் ஒரு துளி விடாமல் சங்கத்துக்கு ஊற்றிவிடுகிறோம். பிள்ளைகளின் வயிற்றுக்கு நல்லதென்று அந்தப் பணத்தில் புட்டிப் பால் வாங்கிக் கொடுக்கிறேன். வீட்டுத் தயிரில் அந்த நல்ல கிருமி இல்லையென்று சொல்கிறார்களே, மெய்தானா?” என்று கேட்டார்.

“புட்டியிலுள்ள கிருமியும் குடலிற் குடியேறும், வீட்டுத் தயிரின் கிருமியும் குடியேறும், இரண்டும் ஒன்றுதான் அம்மா, வீணாகச் செலவு செய்யாதீர்கள்” என்று நான் உடனே விடை சொன்னேன். பல ஊர்களில் பல ஆண்டுகளாக நான் சொல்லிவந்த விடை அதுவே. வீடு திரும்பிய பின் மனம் ஒப்பாமல், இதுபற்றி நடந்துள்ள பரீக்ஷைகளைத் தேடிப் படித்தேன். செலவைப் பற்றி நான் சொன்னது பெரும்பாலும் சரி. குடியேறும் என்று சொன்னது தவறு. அத்தவற்றைக் கூட்டத்தில் வாயாற் சொன்னவன், அச்சில் திருத்துவதே முறையென்று இக்கட்டுரையை எழுதுகிறேன்.

கிருமி என்றால் நோய்க்கிருமி என்றே நேயர்கள் பொருள் கொள்ளலாகாது. கண்ணுக்குத் தெரியாத சூக்ஷ்ம ஜீவராசிகளாகிய பாக்டீரியாக்களையே இங்கு அச்சொல் குறிக்கிறது. அவற்றுள் தீயவை சில. தீங்கற்றவையும் நமக்கு உதவுபவையுமே பல.

பால் தயிராவது

பசும்பாலில் நூற்றுக்கு ஏறக்குறைய 4½ முதல் 5 பங்கு லாக்டோஸ் என்னும் பாற்சர்க்கரை உள்ளது. உறைமோருடன் பாலிற் சேரும் கிருமிகள் இச்சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை வெளியிடுகின்றன. இனிய பாலின் பி.எச். அளவு 6.6 அளவில் இருக்கும். அமிலம் பெருகப் பெருக அது இறங்கி, 4.6 ஐ நெருங்கும்போது கேசின் என்னும் பாற்புரதம் ஒன்றோடொன்று பிணைந்து இறுகுகிறது. நாம் தயிர் தோய்ந்தது என்று சொல்வது இதனையே.

மேல்நாட்டார் ‘யோகர்ட்’ என்று வழங்கும் தயிர் இரண்டு கிருமிகளின் வேலை. ஒன்று ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோபிலஸ். மற்றொன்று லாக்டோபேசில்லஸ் பல்கேரிகஸ். முன்னது முதலில் வேகமாகப் பெருகிப் பார்மிக் அமிலத்தையும் கரியமில வாயுவையும் விடுகிறது. அவை பின்னதன் வளர்ச்சிக்கு உதவுகின்றன. பின்னது பாற்புரதத்தைச் சிறு துண்டுகளாக உடைத்து முன்னதற்கு உணவாக்கித் தருகிறது. சோளத்தோடு தட்டைப்பயறு விதைப்பவருக்கு இத்தகைய ஒத்தாசை புதிதன்று. நமது வீட்டுத் தயிரிலோ இவ்விரண்டோடு லாக்டோகாக்கஸ், லியுகோநாஸ்டாக் முதலிய வேறு இனங்களும் கலந்திருக்கும். கலப்பின் விகிதம் வீட்டுக்கு வீடு, பருவத்துக்குப் பருவம் மாறும். அடுத்தடுத்த இரு வீடுகளின் தயிர் ஒரே சுவையாக இராமைக்குக் காரணம் இதுவே.

புரோபயாடிக் என்ற சொல்லுக்கு 2001-ல் அர்ஜெண்டினா தேசத்துக் கார்டோபா நகரிற் கூடிய நிபுணர்கள் ஒரு வரையறை வகுத்தனர். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனமும் உலக சுகாதார ஸ்தாபனமும் சேர்ந்து அவர்களைக் கூட்டுவித்தன. உயிரோடிருக்கும் கிருமிகளைப் போதிய அளவில் உட்கொண்டால் உட்கொள்வோருக்கு ஆரோக்கிய நன்மை விளைய வேண்டும். அப்படி விளைவிப்பனவே புரோபயாடிக் என்பது அதன் கருத்து. இவ்வரையறைப்படி, இன்ன இனம், இன்ன வழி, இவ்வளவு எண்ணிக்கை என்று தெரிந்து, நன்மையும் சோதித்து அறியப்பட்டிருக்க வேண்டும். வீட்டுத் தயிரில் உயிருள்ள கிருமிகள் ஏராளம் இருப்பினும், அவை இன்னவையென்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. ஆகவே அதனைப் புரோபயாடிக் என்று முத்திரையிட இயலாது. ‘வீட்டுத் தயிரில் நல்ல கிருமி இல்லை’ என்பது அதனாற் பொருளாகாது.

மெச்னிகாவ் கொண்ட கொள்கை

தயிர்க் கிருமி குடலிற் குடியேறும் என்ற எண்ணத்துக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. ரஷ்ய ராஜ்யத்திற் பிறந்து பாரீஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் ஆராய்ச்சி செய்துவந்த எலீ மெச்னிகாவ், இரத்தத்தின் வெள்ளணுக்கள் நோய்க்கிருமிகளை விழுங்குவதைக் கண்டறிந்தவர். அதற்காக 1908-ல் பால் எர்லிக்குடன் நோபெல் பரிசைப் பகிர்ந்து கொண்டவர். பெருங்குடலில் உணவு அழுகி விஷம் உண்டாவதே மூப்புக்குக் காரணம் என்று அவர் கருதினார். பல்கேரியா நாட்டுக் குடியானவர்கள் புளித்த பாலை மிகுதியாக உண்டு நெடுநாள் வாழ்கின்றனர் என்ற செய்தி அவருக்குக் கிட்டியது. அந்தப் புளித்த பாலிலிருந்து ஒரு கிருமியை ஸ்டாமென் கிரிகோரவ் என்ற பல்கேரிய இளைஞர் ஜெனீவாவில் 1905-ல் பிரித்தெடுத்திருந்தார். பல்கேரிகஸ் என்ற பெயர் அக்கிருமிக்கு வாய்த்தது அவ்வகையிலேயே. இது குடலிற் குடியேறி அழுகலைத் தடுக்கும் என்று மெச்னிகாவ் 1907-ல் வெளிவந்த தமது நூலில் எழுதினார். தாமும் நாள்தோறும் புளித்த பால் அருந்திவந்தார். 1916-ல், 71-ஆம் வயதில் காலமானார்.

அவர் புகழால் ஐரோப்பாவெங்கும் புளித்த பாலுக்கு ஒரு மோகம் எழுந்தது. ஆனால் அமெரிக்காவில் ஏல் பல்கலைக்கழகத்து ரெட்கர், செப்ளின் என்னும் இருவர் பரீக்ஷை செய்து, பல்கேரிகஸ் மனிதக் குடலில் நிலைத்து வாழ்வதில்லை என்று 1921 அளவிலேயே எழுதிவிட்டனர். அதன்பின் ஆராய்ச்சியாளரின் கருத்து குடலிலிருந்தே எடுத்த கிருமிகளின்பாற் சென்றது. ஜப்பானில் மினோரு ஷிரோட்டா என்ற வைத்தியர் அத்தகைய கிருமியொன்றை வளர்த்து, 1935-ல் யாகுல்ட் என்ற பெயரிற் பால்பானமாக விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று கடைகளிற் காணும் சிறு புட்டிகளுக்கெல்லாம் அதுவே முன்னோடி. ரெட்கர் சொன்ன செய்தி நூறாண்டாகியும் என் போன்றோர் காதுக்கு எட்டாமல், மெச்னிகாவ் சொன்னது மட்டும் எட்டியது வியப்புத்தான்.

நின்ற பயிரில் விதைத்த விதை

குடலில் இயல்பாக வாழும் கிருமிகளின் தொகையைச் சற்று நோக்குவோம். 70 கிலோ எடையுள்ள மனிதனின் உடலில் சுமார் 38 லட்சம் கோடிப் பாக்டீரியாக்கள் உள்ளன என்று இஸ்ரேல் நாட்டு வைஸ்மன் விஞ்ஞான நிலையத்தார் 2016-ல் கணக்கிட்டு வெளியிட்டனர். மனித உடலின் சொந்த உயிரணுக்களுக்கு ஏறக்குறைய அதே அளவு. எல்லாம் சேர்ந்து எடை 200 கிராம் அளவே. இவற்றில் மிகப் பெரும்பகுதி பெருங்குடலிலேயே இருக்கின்றது.

இனித் தயிரை எண்ணுவோம். நன்றாகத் தோய்ந்த தயிரில் கிராமுக்குப் பத்துக் கோடி உயிருள்ள கிருமிகள் இருப்பதாகக் கொள்வோம். 200 கிராம் தயிரில் அவை 2,000 கோடி. இரைப்பையின் அமிலத்திலும் பித்தநீரிலும் ஒன்றுகூட மடியாமல் அத்தனையும் பெருங்குடலை அடைந்தாலும், அங்குள்ள ஏறக்குறைய 1,900 கிருமிகளுக்கு ஒன்று என்ற விகிதமே ஆகும். உண்மையில் வழியிலேயே மடிவன மிகப் பல. எஞ்சியவை போய்ச் சேருமிடம் வெற்று நிலமன்று. இடமும் உணவும் ஏற்கெனவே பங்கிடப்பட்ட நிலம். கதிர் வாங்கி நிற்கும் நெல்வயலில் ஒரு கைப்பிடி புதுநெல்லைத் தூவினால் எத்தனை முளைத்துப் பயிராகும் என்று குடியானவருக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை.

இதற்கு நமது துறையிலேயே நெருங்கிய உவமை ஒன்று உண்டு. பயறு விதைக்கு ரைசோபியம் கலந்து விதைக்கும்படி நாங்கள் சொல்லிவருகிறோம். ஒரு பயிரை முதன்முதலாக வைக்கும் நிலத்தில், அதற்குரிய ரைசோபியம் மண்ணில் இல்லாதபோது, பொட்டலத்தின் பலன் கண்கூடாகத் தெரியும். அப்பயிர் பல்லாண்டு விளைந்த நிலத்தில், மண்ணிற் பழகிய ரைசோபியமே வேர்களை முந்திப் பற்றிக் கொள்ள, பொட்டலத்துக் கிருமி பின்தங்கிப் போவதும் உண்டு. ஆரோக்கியமான வளர்ந்த மனிதரின் குடல் இந்த இரண்டாவது நிலத்தை ஒத்தது.

பிறந்த குழந்தையின் குடலோ முதல் நிலத்தை ஒத்தது. ஒடிசா மாநிலத்துக் கிராமங்களில் 4,556 பச்சிளங் குழந்தைகளை எடுத்து நடத்திய பரீக்ஷையின் முடிவு 2017-ல் வெளியாயிற்று. லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம் என்ற கிருமியின் ஒரு வழியையும், அதற்கு உணவாகும் ஒருவகைச் சர்க்கரையையும் ஏழு நாள் கொடுத்த குழந்தைகளில், இரத்தம் நஞ்சாகும் நோயோ மரணமோ நேர்ந்தது நூற்றுக்கு 5.4. கொடாதவர்களில் அது நூற்றுக்கு 9. இது மிகப் பெரிய வேற்றுமை. ஆயினும் அங்கு தரப்பட்டது வைத்தியர் மேற்பார்வையில் தேர்ந்தெடுத்த கிருமியாகும், தயிரன்று. இதைப் படித்துவிட்டுக் கைக்குழந்தையின் வாயில் யாரும் தயிரையோ புட்டிப் பாலையோ வைத்துவிடலாகாது. குறைமாதத்திற் பிறந்த குழந்தைகளுக்குப் புரோபயாடிக் கொடுப்பதில் அபாயம் உண்டென்று 2023-ல் அமெரிக்க அரசாங்க மருந்து நிர்வாகமே எச்சரிக்கை விடுத்துள்ளது.

பரீக்ஷைகள் காட்டியது

அமெரிக்காவில் செயின்ட் லூயி நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜெப்ரி கார்டன் என்பாரின் குழுவினர், பால்பொருள் நிறுவனமொன்றின் விஞ்ஞானிகளும் உடனிருக்க நடத்திய பரீக்ஷை 2011-ல் வெளிவந்தது. ஒரே கருவிலிருந்து பிறந்த பெண் இரட்டையர் ஏழு ஜோடிகளை அவர்கள் தேர்ந்தனர். எல்லாரும் வயது வந்தோர், நோயற்றவர். ஐந்து கிருமி வழிகள் கொண்ட புளித்த பாலை இவர்கள் நாளைக்கு இருமுறையாக ஏழு வாரம் உண்டனர். உண்ணுமுன் நான்கு வாரமும், உண்ணும்போதும், நிறுத்தியபின் நான்கு வாரமும் மலத்தை எடுத்துச் சோதித்தனர். குடற் கிருமிகளின் இனங்களிலோ அவற்றின் விகிதத்திலோ குறிப்பிடத்தக்க மாறுதல் ஏதும் காணப்படவில்லை.

இவ்வளவோடு நின்றிருந்தால் புளித்த பால் வீண் என்றே சொல்லிவிடலாம். ஆனால் அவர்கள் இன்னொன்றும் செய்தனர். கிருமியே படாமல் வளர்த்த எலிகளின் குடலில் மனிதக் குடலைச் சேர்ந்த 15 இனங்களை மட்டும் குடியேற்றி, பின்னர் அந்தப் பாலிலுள்ள ஐந்து வழிகளையும் கொடுத்தனர். குடிகளின் தொகையில் அதிக மாறுதல் இல்லை. அவற்றின் தொழிலில் மாறுதல் இருந்தது. மாவுப்பொருளையும் நார்ப்பொருளின் சில கூறுகளையும் உடைக்கும் என்சைம்களுக்குரிய ஜீன்கள் கூடுதலாகவோ குறைவாகவோ இயங்கின. எலிகளின் சிறுநீரிலும் அதற்கேற்ற வேற்றுமை தெரிந்தது. வெளியூர் வியாபாரி ஒருவர் நமது சந்தையில் ஒரு நாள் தங்கிச் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊரின் ஜனத்தொகை மாறுவதில்லை. ஆயினும் அன்றைக்கு ஊராரின் கொடுக்கல் வாங்கல் மாறிவிடுகிறது. தயிர்க் கிருமி குடலில் அத்தகைய வழிப்போக்கனே. உண்பதை நிறுத்தினால் பெரும்பாலும் இரண்டொரு வாரத்துக்குள் சுவடின்றி வெளியேறிவிடும்.

நோயற்ற வளர்ந்தவர்களைக் கொண்டு நடந்த ஏழு பரீக்ஷைகளைக் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தார் ஒருங்கு வைத்து ஆராய்ந்து 2016-ல் எழுதினர். பால்பானம், பிஸ்கோத்து, மாத்திரை எனப் பலவாறாகக் கிருமிகள் தரப்பட்டிருந்தன. கிருமிச் சமுதாயத்தின் அமைப்பில் மாறுதல் கண்டது அவற்றுள் ஒன்றே ஒன்று.

மலத்தைச் சோதித்தால் மட்டும் போதுமா என்ற ஐயம் வைஸ்மன் நிலையத்தாருக்கு எழுந்தது. பதினொரு வழிகள் கொண்ட மாத்திரையைச் சிலருக்கு நான்கு வாரம் கொடுத்து, குழாய் செலுத்திக் குடலின் உட்சுவரிலிருந்தே மாதிரிகளை எடுத்துப் பார்த்து 2018-ல் முடிவை வெளியிட்டனர். சிலருடைய குடல் அக்கிருமிகளுக்குச் சற்று இடம் கொடுத்தது. வேறு சிலருடையது அடியோடு மறுத்துவிட்டது. மலத்திலோ இரு திறத்தாரிடமும் அக்கிருமிகள் காணப்பட்டன. ஒருவருக்கு உதவியது மற்றவருக்கு உதவாமற் போவதேன் என்பதற்கு இதில் ஒரு காரணம் தென்படுகிறது.

அப்படியாயின் தயிரால் என்ன பயன்?

தயிர்க் கிருமி குடியேறாவிடினும், கடந்து செல்லும்போதே செய்யும் உதவி ஒன்று ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டப்பட்டிருக்கிறது. வளர்ந்தபின் பாற்சர்க்கரையை ஜீரணிக்கும் என்சைம் குறைந்துபோவது நமது தேசத்தில் மிகுதி. அத்தகையோர் ஒரு குவளைப் பால் அருந்தினால் வயிறு உப்பி இரையும். அதே அளவு தயிர் அவர்களுக்குத் தீங்கு செய்வதில்லை. தோயும்போதே சர்க்கரையில் ஒரு பங்கு அழிந்துவிடுகிறது என்பது ஒரு காரணம். மற்றொன்று இன்னும் சுவையானது. கிருமியின் உடலுக்குள்ளே பாற்சர்க்கரையை உடைக்கும் என்சைம் இருக்கின்றது. கிருமியின் தோலே அதற்கு உறையாக நின்று இரைப்பையின் அமிலத்திலிருந்து காக்கிறது. சிறுகுடலிற் பித்தநீர் பட்டதும் அந்தத் தோல் இளகி, என்சைம் அங்கே வேலை செய்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை புரோபயாடிக் பற்றி வந்த கோரிக்கைகளில் மிகப் பெரும்பாலானவற்றைத் தள்ளிவிட்டது. கிராமுக்குப் பத்துக் கோடிக்குக் குறையாத உயிர்க்கிருமிகள் உள்ள யோகர்ட் பாற்சர்க்கரையின் ஜீரணத்துக்கு உதவும் என்ற இதனை மட்டும் 2010-ல் ஏற்றுக்கொண்டது.

இந்நன்மைக்குக் கிருமி உயிரோடிருக்க வேண்டும் என்பதை இல்லத்தார் கவனிக்க. கொதித்த மோர்க்குழம்பில் அது கிட்டாது. தாளிதத்தை ஆறவிட்டு நீர்மோரிற் கொட்டினால் கெடுதியில்லை.

புளித்த உணவுகளைக் கூடுதலாக உண்டால் வேறு மாறுதலும் ஏற்படக் கூடும் என்பதற்கு 2021-ல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பரீக்ஷை ஒன்று சான்று. நோயற்றவர் 36 பேரை இரு கூறாக்கி, பத்து வாரம் ஒரு கூறாருக்கு நார்ச்சத்தையும், மற்றவருக்குத் தயிர், கெஃபிர், புளிக்கவைத்த காய்கறி முதலியவற்றையும் மிகுத்துக் கொடுத்தனர். புளித்த உணவு நாளைக்கு ஆறு பங்கு வரை சென்றது. அவர்களின் குடலிற் கிருமி வகைகள் பெருகின. இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. புதிதாகத் தோன்றிய வகைகளுட் சிறு பகுதியே அவ்வுணவிலிருந்து நேரே வந்தது; ஏனையவை வேறிடத்திலிருந்து வந்தனவோ, முன்னமே கண்ணுக்கு எட்டாத அளவில் இருந்து பெருகினவோ ஆகவேண்டும். பதினெட்டுப் பேரளவிற் கண்டதை வைத்துப் பெரிதாக முழங்குவது சரியன்று. நாளைக்கு ஒரு சிறு புட்டி என்பது அங்கு கொடுத்த அளவுக்கு அருகிலும் வாராது.

நோயுற்றவர் கதை வேறு. கிருமிகொல்லி மருந்து உண்ணும் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வருவதுண்டு. 33 பரீக்ஷைகளில் 6,352 குழந்தைகளைப் பற்றிய விவரங்களைத் திரட்டி 2019-ல் வெளியிட்ட காக்ரேன் ஆராய்ச்சியில், புரோபயாடிக் பெற்றவர்களில் நூற்றுக்கு 8 பேருக்கும், பெறாதவர்களில் நூற்றுக்கு 19 பேருக்கும் வயிற்றுப்போக்கு நேர்ந்ததாகக் காண்கிறது. ஆகவே வைத்தியர் கொடுக்கச் சொன்னால் மறுக்கலாகாது. மற்றொரு பக்கமும் உண்டு. வைஸ்மன் நிலையத்தார் 2018-ல் நோயற்ற சிலருக்கு ஏழு நாள் கிருமிகொல்லி கொடுத்து, பின்னர் மூன்று கூறாக்கிப் பார்த்தனர். புரோபயாடிக் மாத்திரை உண்டவர்களின் சொந்தக் குடற் கிருமிகள் பழைய நிலைக்குத் திரும்பப் பல மாதம் ஆயின. ஒன்றும் உண்ணாதவர்களுக்கு விரைவிலேயே திரும்பின. பயிரை அழித்த நிலத்தில் வேற்று விதை முந்தி மூடிக்கொண்டால் பழைய விதை தலையெடுக்கத் தாமதமாவது போன்றதே இது. எனவே நன்றாயிருக்கும் பிள்ளைக்கு மருந்துக் கடையில் தானாகவே கேட்டு வாங்கிக் கொடுக்கும் பழக்கம் வேண்டாம்.

மாட்டின் வயிற்றைக் கேட்போம்

குடற் கிருமிகளை மாற்றுவது எது என்ற கேள்விக்கு நமது தொழுவத்திலேயே விடை நிற்கிறது. மாட்டின் முதல் வயிறாகிய ரூமெனில் வைக்கோலையும் புல்லையும் புளிக்கவைப்பவை கிருமிகளே. அவை விடும் அமிலங்களே மாட்டுக்குப் பெரும்பங்கு பலம் தருகின்றன. வைக்கோல் தின்றுவந்த மாட்டுக்குத் திடீரென்று ஒரு கூடைச் சோற்றையோ தானியத்தையோ வைத்தால் என்ன ஆகிறது? வைக்கோலை உடைக்கும் கிருமிகள் ஒடுங்கி, மாவைத் தின்று அமிலம் விடும் கிருமிகள் கிளர்ந்து, வயிறு புளித்து, மாடு படுத்துவிடுகிறது. யாரும் புதுக்கிருமியை ஊட்டவில்லை. தீவனம் மாறியது, கிருமிகள் மாறின.

நமது பெருங்குடலிலும் அதே தொழில் சிறிய அளவில் நடக்கிறது. ஜீரணமாகாது இறங்கும் நார்ப்பொருளைக் கிருமிகள் புளிக்கவைத்து அசிடிக், புரோபியானிக், பியூட்டிரிக் அமிலங்களை உண்டாக்குகின்றன. பியூட்டிரிக் அமிலமே பெருங்குடற் சுவரின் உயிரணுக்களுக்கு முக்கிய ஆகாரம். ஒருவரைச் சில நாள் மாமிசம், முட்டை, பாற்கட்டி ஆகியவற்றையே உண்ணச் செய்தால் ஓரிரு நாளிலேயே குடற் கிருமிகளின் விகிதம் மாறிவிடுவதை அமெரிக்க ஆராய்ச்சியாளர் 2014-ல் காட்டினர். ஆகவே பிள்ளைகளின் குடற் கிருமிகளைப் பேண விரும்புவோர் கேழ்வரகு, கம்பு, பயறு, அவரை, கீரை, வாழைக்காய், சின்ன வெங்காயம் இவற்றைத் தட்டில் வைக்க வேண்டும். இவை நமது கொல்லையிலேயே விளைபவை. விளம்பரம் இல்லாமையால் இவற்றுக்கு மதிப்புக் குறைந்துவிட்டது.

வீட்டில் உறை ஊற்றுதல்

இது தாய்மார்களுக்குத் தெரியாததன்று. சிறு குறிப்புகள் மட்டும் கூறுகிறேன். பாலை நன்றாகக் காய்ச்சிப் பொங்கவிட்டு, விரல் பொறுக்கும் வெதுவெதுப்பு வரும்வரை ஆறவிடுக. 40 முதல் 43 டிகிரி சென்டிகிரேடு ஏற்றது. சூடு இதற்கு மிகுந்தால் உறைக்கிருமி மடியும். குறைந்தால் வேண்டாத கிருமிகள் முந்திக்கொள்ளும், தயிர் நூலிழுக்கும். அரை லிட்டர் பாலுக்கு ஒரு தேக்கரண்டி உறை போதும். கலக்கியபின் அசைக்கலாகாது. ஐந்து முதல் எட்டு மணியிற் தோய்ந்துவிடும். குளிர்காலத்தில் பாத்திரத்தைத் துணியாற் சுற்றி அடுப்பங்கரையில் வைப்பர். தோய்ந்தவுடன் குளிர்ந்த இடத்துக்கு மாற்றிவிட வேண்டும். மறுநாளைக்குரிய உறையை, தயிரை உண்ணப் பரிமாறுமுன்பே சுத்தமான சிறு கிண்ணத்தில் எடுத்து வைத்தல் நலம்.

புட்டிப் பாலையே உறையாக ஊற்றினால் அதே கிருமிகள் வீட்டில் வளராவோ என்று சிலர் கேட்கின்றனர். ஒருமுறை தோயலாம். ஆனால் புட்டியிற் சேர்க்கும் பிபிடோபாக்டீரியம் போன்றவை காற்றை வெறுப்பவை. பாலில் மெதுவாகவே வளர்பவை. உறைக்கு உறை விகிதம் மாறி, சில முறைக்குள் வீட்டுக் கிருமிகளே மேலோங்கிவிடும்.

அந்த அம்மாளிடம் சில வாரங்களுக்குப் பின் இவற்றைச் சொன்னேன். “குடியேறும் என்று நான் சொன்னது பிழை அம்மா. ஆனாலும் நாளைக்கு அரை லிட்டர் பாலை வீட்டிலேயே நிறுத்தி உறை ஊற்றுங்கள். பிள்ளைகளுக்கு நூறு கிராம் தயிரில் மூன்று கிராம் அளவு புரதமும், 120 மில்லிகிராம் அளவு சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். புட்டியில் சேர்த்திருக்கும் சர்க்கரை எவ்வளவு என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கும், ஒருமுறை படித்துப் பாருங்கள்” என்றேன். அவர் ஒப்புக்கொண்டு, “அதற்குள் இன்னொரு சங்கடம் ஐயா. மூன்று நாளாக உறையே பிடிக்கவில்லை. உறைமோரை மாற்றியும் பால் பாலாகவே நிற்கிறது” என்றார்.

உறை பிடியாத பால்

விசாரித்ததில், அவருடைய பசுக்களில் ஒன்றுக்கு மடிவீக்கம் கண்டு, கால்நடை வைத்தியர் ஒரு காம்பில் மருந்து ஏற்றியிருந்தார். அந்தக் காம்பின் பாலை மட்டும் தரையில் ஊற்றிவிட்டு, மற்ற மூன்று காம்புகளின் பாலை வழக்கம்போலக் கறந்து வந்திருக்கிறார். பென்சிலின் முதலிய மருந்துகள் ஒரு காம்பில் ஏற்றினாலும் இரத்தத்திற் கலந்து ஏனைய காம்புகளுக்கும் வரும். தயிர்க் கிருமிகள், அதிலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோபிலஸ், அம்மருந்தின் மிகச் சிறு அளவையும் தாங்கமாட்டா. பாலைக் காய்ச்சுவதால் மருந்து அழிந்துவிடும் என்று எண்ணுதலும் தவறு. பெரும்பகுதி அப்படியே நிற்கும்.

வீட்டிற் தயிர் தோயாதது ஒரு நஷ்டமே. ஆனால் அதே பால் சங்கத்துக்கும் போயிருந்தது. நூறு வீட்டுப் பாலோடு கலந்து, பென்சிலின் ஒவ்வாத யாரோ ஒருவர் அருந்தக்கூடும். சிறு சிறு அளவில் இம்மருந்து படிந்துவரும் இடங்களில் அதற்குப் பணியாத நோய்க்கிருமிகள் பழகிக்கொள்ளும். குடலிலுள்ள நற்கிருமிகளைப் பேணவென்று புட்டி வாங்கும் கையே மற்றொருவர் குடலுக்கு மருந்துப் பாலை அனுப்பிவிடுகிறது. அவர் அறிந்து செய்ததன்று. எத்தனை வேளைப் பாலை ஒதுக்க வேண்டும் என்று மருந்துக் குழாயின் மேல் அச்சிட்டிருந்தும், யாரும் அவருக்குப் படித்துக் காட்டவில்லை. பாடம் நடத்த அவ்வூருக்கு மாதந்தோறும் போய்வந்த நானும் அதைச் சொல்லியிருக்கவில்லை.

மருந்தின் பெயருக்கேற்ப ஒதுக்கும் காலம் வேறுபடும். குழாயையோ அட்டையையோ எறியாமல் வைத்திருந்து, அதிலுள்ள காலக்கெடுவை வைத்தியரிடம் கேட்டுத் தொழுவச் சுவரில் தேதியோடு எழுதிவிடுக. கெடு முடியும்வரை நான்கு காம்பின் பாலையும் விற்கலாகாது, வீட்டாரும் உண்ணலாகாது. கன்றுக்கும் ஊட்டாதிருத்தல் நன்று. உறை பிடித்துவிட்டது என்பதைக் கொண்டு கெடுவுக்கு முன்பே ஊற்றத் தொடங்குவதும் கூடாது. உறை பிடிக்கும் அளவுக்குக் குறைந்த பாலிலும் மருந்து மிச்சமிருக்கக் கூடும். அவ்வம்மாள் சங்கத்துச் செயலாளரிடம் தாமே சென்று நடந்ததைச் சொன்னார். நோயுற்ற பசுவின் பாலைத் தனியே கறந்து, கெடு முடியும்வரை வேளைக்கு வேளை எருக்குழியில் ஊற்றினார். மற்றப் பசுவின் பாலில் அரை லிட்டரை நிறுத்தி, எங்கள் வீட்டிலிருந்து கொண்டுபோன உறையை ஊற்றி வைத்ததில், மறுநாட் காலை தயிர் கெட்டியாகத் தோய்ந்திருந்தது.